நீங்கள் எழுதிய ரிவ்யூ எங்கே போனது?

வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் நம்மைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்கும். அந்த நிறுவனத்தைப் பற்றி நாம் விசாரிக்க முன்பு ஒரே வழிதான் இருந்தது. அங்கே வேலை பார்க்கும் தெரிந்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்பதுதான் அது. மேனாம்பேடு, கருக்கு, பட்டரவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இது சிரமமே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனியில் ஓவர்டைம் பணம் ஒழுங்காக வரும், எங்கே சம்பளம் பத்தாம் தேதியைத் தாண்டும் என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சிலேயே தெரிந்துவிடும்.

லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே ஐ.டி. பார்க்குகளும் கால் சென்டர்களும் வந்த பிறகு நிலைமை மாறியது. இப்போது வேலை தேடும் ஒருவர் முதலில் செய்வது, கம்ப்யூட்டரில் கம்பெனியின் பெயரை டைப் செய்து, பக்கத்தில் ‘ரிவ்யூ’ என்று சேர்த்துத் தேடுவதுதான். உடனே ஐந்துக்கு இத்தனை ஸ்டார் என்று ஒரு எண் கண்ணில் படுகிறது. அந்த எண்ணை நம்பித்தான் பலர் இருக்கும் வேலையை விடுகிறார்கள். கையில் வந்த வேலையை வேண்டாம் என்கிறார்கள்.

அந்த எண் எப்படி வருகிறது? எழுதிய ரிவ்யூக்கள் எல்லாம் வெளியாகின்றனவா? வெளியானவை ஏன் சில நாட்களில் காணாமல் போகின்றன? புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வாங்கியிருப்பவர்கள் இவற்றைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

எந்தத் தளங்கள்?

உலக அளவில் பெயர் பெற்றது கிளாஸ்டோர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2007ல் உருவாக்கப்பட்டு, 2008ல் செயல்படத் தொடங்கியது. 2018ல் ஜப்பானைச் சேர்ந்த ரெக்ரூட் நிறுவனம் 120 கோடி டாலருக்கு இதனை வாங்கியது. வேலைவாய்ப்புத் தளமான இன்டீட் நிறுவனமும் இதே ரெக்ரூட்டுக்குச் சொந்தமானதுதான். 2025ல் கிளாஸ்டோரின் செயல்பாடுகளை இன்டீட்டுடன் இணைப்பதாக அறிவிப்பு வந்தது. நம் நாட்டில் அதிகம் பார்க்கப்படுவது ஆம்பிஷன்பாக்ஸ். இது நௌக்ரி.காம் தளத்தை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் குழுமத்தைச் சேர்ந்தது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் குனுனு என்ற தளம் பிரபலம்.

இவை எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். வேலை பார்ப்பவர் அல்லது பார்த்தவர் தன் பெயர் வெளியே தெரியாமல் எழுதலாம். படிப்பவருக்குக் கட்டணம் இல்லை. அப்படியானால் தளத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? கம்பெனிகளிடமிருந்துதான். ஆள் தேவை விளம்பரம், கம்பெனியின் பக்கத்தை அழகாக அமைத்துத் தரும் சேவை போன்றவற்றுக்கு அவர்கள் பணம் கட்டுகிறார்கள். எழுதுபவர் ஊழியர், பணம் தருபவர் முதலாளி. இந்தத் தளங்களைப் பற்றிய சந்தேகங்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

சப்மிட் கிளிக் செய்தவுடன் என்ன நடக்கிறது?

ரிவ்யூ எழுதி சப்மிட் பட்டனில் கிளிக் செய்தவுடன் அது நேராக வெளியாவதில்லை. சில படிகளைத் தாண்ட வேண்டும்.

முதல் படி, இமெயில் அல்லது மொபைல் எண் சரிபார்ப்பு. உங்களுக்கு ஒரு லிங்க் அல்லது குறியீட்டு எண் வரும். அதனைக் கொடுத்தால்தான் ரிவ்யூ அடுத்த கட்டத்துக்குப் போகும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது அந்த இமெயில் உங்களுடையது என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. நீங்கள் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தீர்கள் என்பதை அல்ல.

இரண்டாவது படி, சாஃப்ட்வேர் வடிகட்டி. நமது இமெயிலில் ஸ்பேம் பிரிக்கப்படுவது போன்றதுதான் இதுவும். கெட்ட வார்த்தை, போன் எண் போன்றவை உள்ளனவா, ஒரே வாசகம் பல ரிவ்யூக்களில் வருகிறதா என்று புரோகிராம் தேடும். ஐ.பி. முகவரியும் இதில் உதவும். இன்டர்நெட்டில் இணையும் ஒவ்வொரு இணைப்புக்கும் தரப்படும் எண் அது. ஓர் அலுவலகத்தில் உள்ள 50 கம்ப்யூட்டர்களும் வெளியுலகுக்குப் பெரும்பாலும் ஒரே ஐ.பி. முகவரியுடன்தான் தெரியும். எனவே ஒரே இடத்திலிருந்து ஒரே நாளில் 20 ரிவ்யூக்கள் வந்தால் அதனைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை.

மூன்றாவது படி, மனிதர்கள். வடிகட்டி சந்தேகப்பட்டு நிறுத்தியவற்றையும், பிறர் புகார் செய்தவற்றையும் மாடரேட்டர் எனப்படும் பணியாளர்கள் படித்துப் பார்த்து முடிவு செய்வார்கள். இவர்கள் உண்மையை விசாரிப்பதில்லை. ‘மூன்று மாதமாகச் சம்பளம் தரவில்லை’ என்று எழுதினால், கம்பெனிக்குப் போன் செய்து கேட்க மாட்டார்கள். எழுதியது தளத்தின் விதிமுறைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். படிப்பவர்கள் பலர் இதனை அறிவதில்லை. வெளியான ரிவ்யூ எல்லாம் உண்மை என்று யாரும் சான்று தரவில்லை. நீக்கப்பட்டது எல்லாம் பொய் என்றும் பொருள் இல்லை.

எவையெல்லாம் நீக்கப்படும்?

தளத்துக்குத் தளம் விதிகள் சற்று மாறினாலும் கீழ்க்கண்டவை பொதுவானவை.

1. தனி நபர் பெயர். டீம் லீடர், சூப்பர்வைசர், ஹெச்.ஆர். ஊழியர் என்று யார் பெயரைக் குறிப்பிட்டாலும் ரிவ்யூ நிற்காது. கிளாஸ்டோரில் தலைமைச் செயல் அதிகாரி போன்று நிறுவனத்தின் முகமாக இருக்கும் உயர் பொறுப்பாளர்களை மட்டும் குறிப்பிடலாம்.

2. கெட்ட வார்த்தை, மிரட்டல், சாதி, மதம், பாலினம் குறித்த இழிவான பேச்சு.

3. நிறுவன ரகசியம். வாடிக்கையாளர் விவரம், வெளிவராத கணக்கு, புரோகிராம் குறியீடு போன்றவை.

4. ஒரே நபர் ஒரே கம்பெனிக்கு அடிக்கடி எழுதுவது.

5. பழைய அனுபவம். கிளாஸ்டோரில் கடந்த 5 ஆண்டுகளுக்குள் பார்த்த வேலையைப் பற்றித்தான் எழுதலாம்.

6. பரிசு கொடுத்தோ, கட்டாயப்படுத்தியோ எழுத வைத்தவை.

7. வேறு யாரோ எழுதியதைக் காப்பி செய்து ஒட்டியது.

கோபத்தில் எழுதப்படும் ரிவ்யூக்கள் முதல் இரண்டு விதிகளில்தான் சிக்கும். சொன்ன விஷயம் முழுக்க உண்மையாக இருக்கலாம். ஆனால் மேனேஜர் பெயரை ஒரு வரியில் எழுதியிருப்பார். அந்த ஒரு வரிக்காக மொத்த ரிவ்யூவும் போய்விடும்.

கம்பெனி நினைத்தால் நீக்க முடியுமா?

கம்பெனிக்கு டெலிட் பட்டன் கிடையாது. பணம் கட்டும் வாடிக்கையாளருக்கும் மற்றவருக்கும் ஒரே விதிதான் என்று கிளாஸ்டோர் சொல்லி வருகிறது. ஆனால் ஒவ்வொரு ரிவ்யூவின் அருகிலும் ஒரு கொடி அடையாளம் அல்லது ‘ரிப்போர்ட்’ என்ற வசதி இருக்கும். யார் வேண்டுமானாலும் அதில் கிளிக் செய்து, இது விதிக்கு முரணானது என்று புகார் செய்யலாம். அதன் பின் மாடரேட்டர் இன்னொரு முறை படிப்பார்.

சாதாரண வாசகர் எல்லா ரிவ்யூக்களையும் உட்கார்ந்து புகார் செய்யப் போவதில்லை. ஆனால் பெரிய கம்பெனியில் இதற்கென்றே ஒரு ஆள் இருக்கலாம். ஒன்று, இரண்டு ஸ்டார் தந்தவற்றை மட்டும் வரிசையாக எடுத்து, விதியில் எங்காவது இடறுகிறதா என்று அவர் தேடலாம். ஐந்து ஸ்டார் ரிவ்யூவில் சூப்பர்வைசர் பெயர் பாராட்டாக வந்திருந்தால் யாரும் புகார் செய்ய மாட்டார்கள். விதி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப்படுவது ஒரு பக்கம் மட்டுமே.

இதனால் ஸ்டார் எண்ணில் என்ன வேறுபாடு வரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஸ்டேட்டில் உள்ள ஒரு சிறு கம்பெனிக்கு நான்கு ரிவ்யூக்கள்; ஸ்டார்கள் 5, 5, 4, 1. மொத்தம் 15. சராசரி 3.75. அந்த ஒரு ஸ்டார் ரிவ்யூ நீக்கப்பட்டால் மூன்று ரிவ்யூக்களுக்கு 14. சராசரி 4.67. ஒரே நாளில் சுமாரான கம்பெனி மிக நல்ல கம்பெனியாகிவிட்டது. இதே 3.75 சராசரியுடன் 400 ரிவ்யூக்கள் உள்ள கம்பெனியில் ஒரு ஸ்டார் ரிவ்யூ ஒன்று போனால், சராசரி 3.76தான் ஆகும். எனவே நீக்கம் அதிகம் பாதிப்பது சிறு கம்பெனிகளின் ரிவ்யூக்களைத்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வேலை தேடும் பலர் பார்க்கப் போவதும் அப்படிப்பட்ட கம்பெனிகளைத்தான்.

நீக்காமலே மறைக்கும் வழி

கெட்ட ரிவ்யூவை நீக்க முடியாவிட்டால், அதன் மேல் நல்ல ரிவ்யூக்களைக் கொட்டி மூடிவிடலாம். கிளாஸ்டோர் போன்ற தளங்களில் புதிய ரிவ்யூக்களுக்குக் கணக்கில் கூடுதல் எடை உண்டு என்பதால் இது நன்றாகவே வேலை செய்யும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி நடந்து கொண்டிருந்தது. ஒரு நாள் ஹெச்.ஆர். பிரிவிலிருந்து வந்தவர், மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் ஒரு ரிவ்யூ எழுதிவிட்டு ஸ்கிரீன் ஷாட் அனுப்புங்கள் என்றார். எத்தனை ஸ்டார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சேர்ந்து இரண்டு வாரம் ஆன பையன்களும் பெண்களும் ‘வேலைக்கும் குடும்பத்துக்கும் நல்ல சமநிலை’ என்று எழுதினார்கள். அவற்றில் சில வெளியாகவே இல்லை. ஒரே ஐ.பி. முகவரி, ஒரே நேரம், ஏறக்குறைய ஒரே வாசகம் என்று இருந்ததால் வடிகட்டி பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். மீதி இருந்தவையே அந்தக் கம்பெனியின் ஸ்டார் எண்ணை உயர்த்தப் போதுமானதாக இருந்தது.

இது எங்கோ ஓரிடத்தில் நடப்பது அல்ல. அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் 2019 ஜனவரியில் கிளாஸ்டோரின் பல லட்சம் ரிவ்யூக்களை ஆராய்ந்து ஒரு செய்தி வெளியிட்டது. 400க்கும் மேற்பட்ட கம்பெனிகளில் ஏதாவது ஒரு மாதத்தில் மட்டும் ரிவ்யூக்கள் திடீரென வழக்கத்துக்கு மாறாக அதிகரித்திருந்தன. அந்த மாதங்களில் வந்தவை பெரும்பாலும் ஐந்து ஸ்டார் பக்கமே சாய்ந்திருந்தன.

பெயர் வெளியே வருமா?

பக்கத்தில் உங்கள் பெயர் இருக்காது. ஆனால் தளத்தின் கம்ப்யூட்டரில் உங்கள் இமெயில், ஐ.பி. முகவரி ஆகியவை பதிவாகி இருக்கும். நீதிமன்றம் கேட்டால் அவை வெளியே வரலாம். இதுவரை நடந்தவற்றில் மூன்றைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் அரிசோனாவில் அரசு ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் மீது மோசடி விசாரணை நடந்தது. அதைப் பற்றி எழுதியவர்களின் விவரத்தை விசாரணை அமைப்பு கிளாஸ்டோரிடம் கேட்டது. கிளாஸ்டோர் மறுத்து வழக்காடியது. 2017 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் விவரத்தைத் தர வேண்டும் என்றே தீர்ப்பளித்தது.

நியூசிலாந்தைச் சேர்ந்த சூரு என்ற பொம்மை நிறுவனம், தன்னைப் பற்றி மோசமாக எழுதியவர்கள் மீது தன் நாட்டில் அவதூறு வழக்குத் தொடர விரும்பியது. எழுதியவர்கள் யார் என்று கேட்டு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. 2022 ஜூலையில் கலிபோர்னியா நீதிமன்றம், அந்த விவரங்களைத் தரும்படி கிளாஸ்டோருக்கு உத்தரவிட்டது.

ஜெர்மனியில் 2024 பிப்ரவரியில் ஹாம்பர்க் மேல் நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. எழுதியவர் உண்மையில் அங்கு வேலை பார்த்தவரா என்று முதலாளி சந்தேகித்தால், குனுனு தளம் அவர் யார் என்று முதலாளிக்குக் காட்ட வேண்டும். இல்லையெனில் ரிவ்யூவை நீக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு.

நீதிமன்றம் வரை போகாமலும் பெயர் தெரிந்துவிடலாம். பயனாளர்களின் உண்மையான பெயரை அவர்கள் சம்மதம் இல்லாமலே கிளாஸ்டோர் அவர்களது கணக்கில் சேர்த்துவிட்டதாக 2024 மார்ச்சில் செய்திகள் வந்து பெரும் சர்ச்சை ஆனது. இதைவிட எளிய வழியும் உண்டு. 15 பேர் வேலை செய்யும் இடத்தில் ‘அக்கவுண்ட்ஸ், இரண்டு வருட அனுபவம், அம்பத்தூர்’ என்று போட்டால், முதலாளிக்கு நீதிமன்றம் எதற்கு?

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

மற்றவர்கள் எழுதுவதைத் தாங்கி நிற்கும் தளம், எழுதியதற்குப் பொறுப்பாகாது என்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ன் 79வது பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் 2011ல் வந்த விதிகள், பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் எழுதிக் கேட்டாலே 36 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்கச் சொன்னன. மும்பையைச் சேர்ந்த மவுத்ஷட்.காம் என்ற நுகர்வோர் ரிவ்யூ தளம், இதைக் காட்டி நிறுவனங்கள் ரிவ்யூக்களை நீக்கச் சொல்லி மிரட்டுவதாக 2013ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2015 மார்ச் 24ல் ஷ்ரேயா சிங்கால் வழக்குடன் சேர்த்துத் தீர்ப்பு வந்தது. நீதிமன்ற உத்தரவோ, அரசு அமைப்பின் அறிவிப்போ வந்தால்தான் தளம் நீக்கக் கட்டாயம் உண்டு என்று அது விளக்கியது.

எனவே ஒரு கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் மட்டும் நீக்குவதற்குக் கட்டளை ஆகாது. ஆனால் ஒரு ரிவ்யூவுக்காக வழக்கு நடத்துவதைவிட அதனை எடுத்துவிடுவது லாபம் என்று தளம் நினைத்தால், அதனைத் தடுக்கவும் வழி இல்லை.

எழுதியவருக்கோ இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவுப்படி அவதூறு குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தனி நபர் மட்டுமல்ல, கம்பெனியும் இதில் புகார் செய்யலாம். பொது நன்மைக்காக உண்மையைச் சொல்வது இதற்கு விதிவிலக்கு. ஆனால் உண்மை என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

ரிவ்யூக்களைக் கையாளும் முறைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. அது பொருட்கள், சேவைகளை வாங்கும் நுகர்வோர் ரிவ்யூக்களுக்கானது. வேலை செய்பவர் எழுதும் ரிவ்யூக்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. ஸ்டார் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை ரிவ்யூக்கள் என்று முதலில் பாருங்கள். 10க்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணுக்குப் பெரிய மதிப்பு இல்லை.

2. தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரே வாரத்தில் பத்து ஐந்து ஸ்டார்கள் வந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

3. ஒன்றும் ஐந்தும் தந்தவர்களை விட்டுவிட்டு, இரண்டு, மூன்று, நான்கு ஸ்டார் தந்தவர்களைப் படியுங்கள். நல்லது, கெட்டது இரண்டையும் இவர்கள்தான் எழுதுவார்கள்.

4. குறையைச் சொன்ன ரிவ்யூவுக்குக் கம்பெனி தந்துள்ள பதிலைப் படியுங்கள். எல்லாருக்கும் ஒரே வாசகத்தை ஒட்டியிருக்கிறார்களா, விஷயத்துக்குப் பதில் சொல்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

5. ரிவ்யூவுக்கு வெளியேயும் தேடுங்கள். வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துத் தேடும் வசதி உண்டு. பி.எஃப். கட்டப்பட்ட மாதங்களும், எத்தனை பேருக்குக் கட்டப்பட்டது என்பதும் கிடைக்கும். ‘200 பேர் வேலை செய்கிறோம்’ என்று சொல்லும் கம்பெனி 12 பேருக்குக் கட்டியிருந்தால், எந்த ரிவ்யூவும் சொல்லாததை அது சொல்லிவிடும். மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனி எப்போது பதிவானது, இப்போது செயல்படுகிறதா என்று அறியலாம். சேருவதற்கு முன்பே டெபாசிட் கேட்கும் இடங்களுக்கு இந்த இரண்டையும் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

1. அலுவலகக் கம்ப்யூட்டரிலும் அலுவலக வைஃபையிலும் எழுதாதீர்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதுங்கள். அலுவலக இமெயில் முகவரியைத் தராதீர்கள்.

2. வேலையை விட்ட அன்றே எழுதாதீர்கள். சில வாரங்கள் கழித்து எழுதினால் கோபமும் குறைந்திருக்கும், யார் எழுதியது என்ற யூகமும் கடினமாகும்.

3. ஆளின் பெயரை விட்டு நடந்ததை எழுதுங்கள். ‘எங்கள் மேனேஜர் ஒரு திருடன்’ என்பது நீக்கப்படும்; வழக்கும் வரலாம். ‘நான் இருந்த காலத்தில் மூன்று முறை சம்பளம் 15ம் தேதிக்கு மேல் வந்தது’ என்பது நிற்கும். சம்பளம் ஏறிய பாங்க் ஸ்டேட்மென்ட் உங்களிடம் இருந்தால் இன்னும் பலம்.

4. நல்ல விஷயம் ஒன்றாவது இருந்தால் அதையும் எழுதுங்கள்.

5. வெளியானவுடன் அந்தப் பக்கத்தைச் சேமித்துக் கொள்ளுங்கள். பிரவுசரில் கண்ட்ரோல் கீயுடன் பி கீயை அழுத்தி, பிரிண்டர் பட்டியலில் பி.டி.எஃப். ஆகச் சேமிப்பதைத் தேர்ந்தெடுத்தால் தேதியுடன் ஃபைல் கிடைக்கும்.

நீக்கப்பட்டுவிட்டால்?

வந்த இமெயிலில் எந்த விதி என்று சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். அந்த வரியை மட்டும் மாற்றி மீண்டும் அனுப்பலாம். காரணம் சொல்லாமல் நீக்கியிருந்தால், தளத்தின் அடிப்பகுதியில் குறைதீர் அலுவலரின் முகவரியைத் தேடுங்கள். இந்தியாவில் செயல்படும் தளங்கள் அப்படி ஒருவரை நியமித்து, முகவரியை வெளியிட வேண்டும் என்பது 2021ம் ஆண்டு விதி. 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, 15 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும் என்று அந்த விதிகள் கூறின. பின்னர் வந்த திருத்தங்களில் கெடுக்கள் மாறியிருப்பதால், புகார் தரும் நாளில் உள்ள கெடுவைப் பார்த்துக் கொள்ளுங்கள். அவர் முடிவும் சரியில்லை என்றால், 2023 மார்ச் முதல் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இன்டர்நெட் மூலமே விண்ணப்பிக்கலாம். முடிவு கிடைத்த 30 நாட்களுக்குள் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். சம்பள பாக்கி, தராமல் வைத்திருக்கும் சான்றிதழ், கட்டாத பி.எஃப். ஆகியவற்றுக்கு ரிவ்யூ மருந்தல்ல. அவற்றுக்குத் தொழிலாளர் துறை அலுவலகமும் பி.எஃப். அலுவலகமும் இருக்கின்றன. அங்கே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிய மனுவை யாரும் ரிப்போர்ட் பட்டனில் கிளிக் செய்து நீக்க முடியாது. ரிவ்யூ என்பது உங்களுக்குப் பின்னால் அந்த வாசலில் வந்து நிற்கப் போகும் அடுத்தவருக்காக எழுதுவது. அவர் படிக்கும் நாளில் அது அங்கே இருக்க வேண்டும். அதற்கேற்ப எழுதுங்கள்.